எங்கள் வகுப்பின் நல்ல பெயர்

சுங்கை பட்டாணி வட்டாரத்தில் எங்கள் சனிக்கிழமை வகுப்புக்கு நல்ல பெயர் உண்டு. பிள்ளையை எங்கே சேர்க்கலாம் என்று யாராவது கேட்டால், கோயில் மண்டபத்தில் நடக்கும் அந்த வகுப்பைத்தான் கைகாட்டுவார்கள். அங்கே போன பிள்ளை பல்கலைக்கழகம் போய்விடும் என்பார்கள். அதைத் தொடங்கியவர்களில் நானும் ஒருவன். நீண்ட காலம் பொறுப்பாளராகவும் இருந்தேன். அந்த நல்ல பெயர் எப்படி வந்தது என்பதை மறைக்காமல் எழுதிவிட நினைக்கிறேன். என்னை யாரும் கணக்குக் கேட்கவில்லை. கேட்கும் உரிமை உள்ளவர்கள் எப்போதோ வகுப்பைவிட்டுப் போய்விட்டார்கள். போனார்கள் என்று சொல்வதும் சரியில்லை. நான் அனுப்பினேன்.

மலேசியாவில் ஒரு தமிழ்ப் பிள்ளையின் பள்ளிப்பாதை தெரிந்தால்தான் நான் செய்தது என்னவென்று விளங்கும். முதலில் ஆறாண்டு தமிழ்ப்பள்ளி. பிறகு பதின்மூன்று வயதில், பாடங்கள் பெரும்பாலும் மலாயில் நடக்கும் இடைநிலைப்பள்ளி. வீட்டிலும் தெருவிலும் பள்ளியிலும் தமிழே பேசி வளர்ந்த பிள்ளை, புதிய வகுப்பில் வாய் திறக்கவே பயப்படுகிறது. ஆறாம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர். தேர்வில் மலாய்மொழியில் தேறாதவர்கள் அப்போதெல்லாம் நேரே படிவம் ஒன்றுக்குப் போக முடியாது. பெராலிஹான் என்ற புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார்ந்துவிட்டுப் போக வேண்டும். அந்த ஓராண்டில் மலாய் கற்றுத் தேறியவர்கள் உண்டு. தனக்குப் படிப்பு வராது என்ற முடிவுக்கு வந்தவர்களையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஐந்தாம் படிவத்தின் முடிவில் எஸ்.பி.எம். தேர்வு. மற்றப் பாடங்கள் அனைத்திலும் தேறியிருந்தாலும் மலாய்மொழியில் தவறினால் சான்றிதழே கிடையாது. 2013 முதல் வரலாற்றுப் பாடத்துக்கும் அதே விதி.

அரசுப் பல்கலைக்கழகத்துக்கு ஆள் எடுக்கும்போது 90 விழுக்காடு தேர்வு முடிவைப் பார்ப்பார்கள், 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கையைப் பார்ப்பார்கள். சாரணர் இயக்கத்தில் என்ன பதவி, விவாதக் கழகத்தில் யார் தலைவர், ஓட்டப்பந்தயத்தில் மாவட்டமா மாநிலமா என்பதற்கெல்லாம் புள்ளி உண்டு. எங்கள் பிள்ளைகள் பலருக்கு அந்தப் பத்து கைக்கு வராது. புறப்பாடம் மதியத்துக்குமேல் நடக்கும். தோட்டத்துக்கும் ஊர்க்கோடி அடுக்குமாடிக்கும் போகும் பள்ளி வேன் அதற்குள் கிளம்பிவிடும். வேனை விட்டால் வீட்டுக்குப் போக வழியில்லை. பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை என்று ஆசிரியர் எழுதிவைப்பார். ஆர்வமில்லாதவர்கள் என்று நாங்களும் நம்பிக்கொள்வோம். தலைமைப் பண்பு என்று பாரத்தில் கேட்கும் கட்டம் வெறுமையாகவே இருக்கும்.

நான் இதே பாதையில் வந்தவன். பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தேன். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டியவர்கள். பிறகு அந்தத் தோட்டத்தில் செம்பனை வந்தது, அதன்பின் வீடமைப்புத் திட்டம் வந்தது, நாங்கள் மலிவுவிலை அடுக்குமாடிக்கு வந்தோம். நான் தோட்டத்தில் படித்துக்கொண்டிருந்தது, டாக்டர் தம்பிராஜா 1982-இல் ஸ்ரீ முருகன் நிலையம் என்ற கல்வி நிலையத்தைத் தொடங்கிய காலம். படித்தவன் திரும்பி வந்து சொல்லிக்கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் எங்கள் தோட்டம் வரைக்கும் வந்திருந்தது. பல்கலைக்கழக விடுமுறையில் வந்த சில அண்ணன்கள், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் எங்களை உட்காரவைத்துக் கணக்கும் ஆங்கிலமும் நடத்தினார்கள். அவர்கள் யாரையும் பொறுக்கி எடுக்கவில்லை. லயத்தில் இருந்த பிள்ளைகள் எல்லாரும் போனோம். என் அண்ணனும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். அண்ணனுக்குப் படிப்பு ஏறவில்லை. மூன்றாம் படிவத்தோடு நின்றுவிட்டான். நான் மேலே போனேன். இப்போது குலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவை நடத்துகிறேன்.

எங்கள் வகுப்பும் முதலில் அப்படித்தான் இருந்தது. வந்தவர்கள் எல்லாரும் உட்கார்ந்தார்கள். முடிவுகள் சுமாராக இருந்தன. பிறகு ஒரு நன்கொடையாளர் வந்தார். நல்ல மனிதர். புத்தகம், நாற்காலி, மதியச் சாப்பாடு எல்லாவற்றுக்கும் பணம் தந்தார். ஆண்டு முடிவில் அவர் கேட்டது ஒரே கேள்வி: "எத்தனை ஏ வந்திருக்கு?" அதில் தப்பு ஒன்றுமில்லை. அந்தக் கேள்விக்கு அடுத்த ஆண்டு நல்ல பதில் வைத்திருக்க வேண்டும் என்று நான் எடுத்த முடிவிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

'தலைமைத்துவத் திட்டம்' என்று வகுப்புக்குப் புதுப்பெயர் வைத்தேன். மூன்றாம் படிவத்து மதிப்பெண்ணைப் பார்த்துச் சேர்த்தோம். சேரும் நாளில் அப்பாவோ அம்மாவோ விளக்கக் கூட்டத்துக்கு வந்தாக வேண்டும் என்று விதி வைத்தோம். அடுத்தடுத்து வராமல் இருந்தால் பெயர் நீக்கம். நான்காம் படிவ இறுதியில் ஒரு மதிப்பீடு. அதில் பின்தங்கியவர்களுக்கு "வேறு வகுப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று கடிதம். ஒவ்வொரு விதிக்கும் என்னிடம் காரணம் இருந்தது. ஆசிரியர்கள் சம்பளம் வாங்காமல் வருகிறார்கள், அவர்கள் நேரம் வீணாகக்கூடாது. நாற்காலி குறைவு. பெற்றோர் துணையில்லாமல் பிள்ளை முன்னேறாது. இதையெல்லாம் செயற்குழுவில் சொன்னபோது யாரும் மறுக்கவில்லை.

விளக்கக் கூட்டத்தைச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வைத்தேன். பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் நிற்கும் தாய்க்குச் சனிக்கிழமை காலை பத்து மணி என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? அந்த ஷிப்ட் பட்டியல்களில் கையெழுத்துப் போடுகிறவனே நான். கம்பெனி பஸ் எத்தனை மணிக்கு ஆள் ஏற்றும், ஒரு நாள் வரவில்லை என்றால் வருகைப்படி எவ்வளவு போகும், எல்லாம் எனக்கு மனப்பாடம். இருந்தும் வராத தாய்மார்களை அக்கறையில்லாதவர்கள் என்று குறித்துக்கொண்டேன். தொழிற்சாலையில் குறையுள்ள சில்லைப் பெட்டிக்குப் போகும் முன்பே எடுத்து ஒதுக்கி, வெளியே போவதெல்லாம் பழுதற்றது என்று சான்று கொடுப்பது என் வேலை. அதே வேலையைப் பிள்ளைகளிடம் செய்தேன்.

எங்கள் அறிக்கையில் ஆண்டுதோறும் ஒரு வரி இருக்கும்: "எங்கள் மாணவர்களில் எஸ்.பி.எம்.மில் தவறியவர் எவருமில்லை." அது பொய்யில்லை. ஐந்தாம் படிவத்தில் எங்கள் பதிவேட்டில் இருந்தவர்களை மட்டும் மாணவர்கள் என்று எண்ணினால் அது உண்மை. தவறக்கூடியவர்களை அதற்கு முந்திய டிசம்பரிலேயே பதிவேட்டிலிருந்து எடுத்துவிடுவோம். அந்த வரியை எழுதியவன் நான். மேடையில் படித்தவனும் நான். கைதட்டினார்கள், உட்கார்ந்துகொண்டேன்.

இப்போது முகிலனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயரை மாற்றியிருக்கிறேன்.

முகிலன் பெராலிஹானில் ஓராண்டு இருந்துவிட்டு வந்தவன். அதனால் வகுப்பில் மற்றவர்களைவிட ஒரு வயது மூத்தவன். கணக்கு நன்றாக வரும் என்பதால் மூன்றாம் படிவ மதிப்பெண்ணில் எப்படியோ உள்ளே வந்துவிட்டான். மலாய்மொழிதான் தகராறு. கட்டுரை எழுதச் சொன்னால் நாலு வரிக்குமேல் போகாது. எங்கள் மண்டபத்திலிருந்து தள்ளியிருந்த அடுக்குமாடியில் அவன் வீடு. அங்கிருந்து சனிக்கிழமை பஸ் கிடையாது. அவன் தன் கட்டடத்து மற்றப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, வேன்காரரிடம் பேசி, ஆளுக்கு ஒரு வெள்ளி என்று பிரித்து, யாரிடம் காசில்லையோ அவன் பங்கை மற்றவர்கள்மேல் பரப்பி, எல்லாரையும் நேரத்துக்குக் கொண்டுவந்து இறக்குவான். இது எனக்குத் தெரியும். பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்குத் தலைமை என்று பெயர் இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை.

2013-இல் ஜெராய் மலை அடிவாரத்தில் தலைமைத்துவ முகாம் நடத்தினோம். முதல் நாள் மாலை பெருமழை. சாப்பாடு கொண்டுவர வேண்டிய வண்டி வரவில்லை. பிள்ளைகள் பசியில் இருந்தார்கள். ஏற்பாட்டுக் குழுவினர் நாங்கள் ஆளாளுக்குத் தொலைபேசியில் கத்திக்கொண்டிருந்தோம். முகிலன் முகாம் காவலாளியிடம் போய்ப் பேசி, அவருடைய சமையல்கட்டைக் கேட்டு வாங்கி, இருந்த மேகி பாக்கெட்டுகளையும் முட்டைகளையும் வைத்து எல்லாருக்கும் ஆக்கிவிட்டான். காவலாளி மலாய்க்காரர். கட்டுரையில் நாலு வரி எழுத முடியாதவன் அவரிடம் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். அந்த மலாய் தேர்வுத்தாளில் ஏன் வரவில்லை என்று நான் ஒருமுறை யோசித்திருந்தால் போதும். அவன் பேசுவதையே எழுதவைத்துத் தொடங்கியிருக்கலாம்.

மறுநாள் சிறந்த தலைவர் கோப்பையை, ஆங்கிலத்தில் அழகாகச் சொற்பொழிவு ஆற்றிய ஒரு மாணவிக்குக் கொடுத்தேன். அவள் கெட்டிக்காரி, கோப்பைக்குத் தகுதியில்லாதவள் என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் அளந்தது ஒலிவாங்கி முன்னால் நிற்கும் தோரணையை. நேர்காணலில் யார் எடுபடுவார்கள் என்பதே என் அளவுகோல். நூறு பேர் வயிறு நிறைய வேண்டிய இரவில் யார் முன்னால் நின்றார்கள் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

அந்த ஆண்டு டிசம்பரில் முகிலன் பெயரை நீக்கினேன். மலாய்மொழி மதிப்பெண் காரணம் என்று கடிதத்தில் எழுதினேன். அது பாதிக் காரணம். மீதிப் பாதியை எழுதக் கை கூசுகிறது.

அதே 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயரை வெளியிட்டது. அவற்றில் இருப்பவர்களில் பெரும்பாலோர் இந்தியர் என்று செய்தி வந்தது. மறுநாள் தொழிற்சாலை உணவகத்தில் நான் உட்கார்ந்த மேசையில் பேச்சு சட்டென்று நின்றது. யாரும் எதுவும் சொல்லவில்லை. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்தச் சனிக்கிழமை மண்டபத்து வாசலில் முகிலன் தலைமுடியைச் செம்பட்டையாக்கிக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் சாய்ந்து, நாலைந்து பையன்களோடு நின்றுகொண்டிருந்தான். எங்கள் நன்கொடையாளர் வரும் நாள் அது. நான் அந்தப் பையன்களைப் பார்த்த கண், தொழிற்சாலையில் என்னைப் பார்த்த கண்ணேதான். எங்களையும் இவர்களையும் ஒன்றாக எண்ணிவிடுவார்களோ என்ற பயம் எனக்கு. நான் எங்களில் நல்லவன், படித்தவன், வேறானவன் என்று காட்டிக்கொண்டே உயர்ந்தவன் நான். சம்பளம் உயர உயர என் அண்ணனைக்கூட என் வீட்டு விருந்துகளுக்கு அழைப்பதைக் குறைத்துக்கொண்டேன். முகிலனின் மலாய் என் அண்ணனின் மலாயாகவே இருந்தது. இதை இதற்குமுன் எவரிடமும் சொன்னதில்லை. என் மனைவி இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள்.

முகிலன் அடுத்த ஆண்டு தானாகவே படித்து எஸ்.பி.எம். எழுதினான். 2015 மார்ச்சில் முடிவு வந்தது. அந்தச் சனிக்கிழமை மண்டபத்தில் எங்களுக்குத் திருவிழா. ஏ எடுத்தவர்களை வரிசையாக நிற்கவைத்துத் தமிழ் நாளிதழுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தோம். முகிலன் முடிவுத்தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வந்தான். விரித்துக் காட்டினான். கணக்கில் நல்ல தேர்ச்சி. வரலாறு உட்பட மற்றவை தேர்ச்சி. மலாய்மொழி மட்டும் ஜி. அதாவது தோல்வி, சான்றிதழ் இல்லை.

"சார், இதுக்கு ஏதாச்சும் வழி இருக்கா?" என்று கேட்டான்.

வழி இருந்தது. அந்த ஒரு பாடத்தை மட்டும் அதே ஆண்டின் நடுவில் மறுபடி எழுதலாம். தேறினால் சான்றிதழ் கையில் வந்துவிடும். பொலிடெக்னிக், தொழிற்பயிற்சி என்று பல கதவுகள் திறக்கும். பதிவதற்குக் காலக்கெடு உண்டு என்பதும், எந்த அலுவலகத்தில் பாரம் வாங்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். சொல்வதற்கு இரண்டு நிமிடம் போதும்.

"பிறகு பேசலாம்பா, இப்போ கொஞ்சம் வேலையா இருக்கேன்" என்றேன். அவன் "சரி சார்" என்று தலையாட்டிவிட்டுப் போனான். அவன் தொலைபேசி எண் என்னிடம் இருந்தது. பதிவு முடியும் நாள் வரைக்கும் அது என் நினைவில் இருந்தது. மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். அழைத்தால் அவன் மறுபடி வகுப்புக்கு வருவான். அவனைப் பார்த்து அவனைப்போல நீக்கப்பட்ட மற்றவர்களும் வருவார்கள். அந்த நிலையிலிருந்து மலாய் சொல்லிக்கொடுக்க எங்களிடம் ஆளில்லை. அவர்கள் தவறினால் என் அறிக்கையின் அந்த வரி போய்விடும். இவ்வளவையும் யோசித்துத்தான் அழைக்காமல் இருந்தேன்.

இதே காலத்தில் நான் மேடைக்கு மேடை மெட்ரிகுலேஷன் ஒதுக்கீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். மெட்ரிகுலேஷன் கல்லூரியில் ஓராண்டில் பல்கலைக்கழகத்துக்குத் தயாராகலாம், ஆறாம் படிவத்து எஸ்.டி.பி.எம். வழியைவிடச் சுருக்கம். அதில் 90 விழுக்காடு இடம் மலாய்க்காரர் உள்ளிட்ட பூமிபுத்ரா மாணவர்களுக்கு, மீதி 10 மற்றவர்களுக்கு. அந்தப் பத்தும் 2003-இல்தான் வந்தது. 2019-இல் மொத்த இடங்களை 25,000-இலிருந்து 40,000-ஆக உயர்த்தினார்கள். விகிதம் அப்படியே நின்றது. நல்ல முடிவு எடுத்த பிள்ளைகள் இடம் கிடைக்காமல் அழுததை நேரில் பார்த்திருக்கிறேன். இதை எதிர்த்துப் பேசியதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. அநியாயத்தை அநியாயம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த உண்மையான குறையின் நிழலில் நான் சௌகரியமாக ஒளிந்துகொண்டிருந்தேன். எங்கள் பிள்ளைகள் மேலே போகாததற்குக் காரணம் முழுவதும் வெளியே இருக்கிறது என்று பேசும்வரை, என் மண்டபத்தில் நான் வைத்திருந்த ஒதுக்கீட்டை யாரும் பார்க்க வேண்டியதில்லை. 2024-இல், 10 ஏ எடுத்த எவருக்கும் இனம் பாராமல் மெட்ரிகுலேஷனில் இடம் உண்டு என்று பிரதமர் அன்வார் இப்ராஹிம் அறிவித்தார். நண்பர்கள் வாழ்த்துச் செய்தி அனுப்பினார்கள். எங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது பெரிய வழிதான். ஒரே ஒரு மறுதேர்வுக்காக நின்றவனுக்கு வழி சொல்லாத ஆள் நான் என்பது அன்றைக்கு நெஞ்சில் குத்தியது.

குத்துவதற்கு முன்பே இரண்டு பேர் என்னைத் தட்டி எழுப்பியிருந்தார்கள்.

ஒருத்தி, அந்தக் கோப்பை வாங்கிய மாணவி. இப்போது கோலாலம்பூரில் மருந்தாளராக இருக்கிறாள். தீபாவளிக்கு ஊருக்கு வந்தவளைப் பிள்ளைகளிடம் பேச அழைத்தேன். பேசி முடித்துவிட்டு, தேநீர் குடிக்கும்போது சாதாரணமாகச் சொன்னாள்: "நம்ம வகுப்புல நாங்க யாரும் யாருக்கும் நோட்ஸ் கொடுக்க மாட்டோம் சார். கொடுத்தா அவங்க மேலே வந்து, டிசம்பர்ல நம்ம பேர் போயிடுமோன்னு பயம். பக்கத்துல உட்கார்ந்தவ கேட்டா, தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லிடுவேன்." குறையாக அவள் அதைச் சொல்லவில்லை, பழைய நினைவு ஒன்றைப் பகிர்ந்துகொண்டாள், அவ்வளவே. எனக்குத் தேநீர் இறங்கவில்லை. தலைவர்களை உருவாக்குகிறோம் என்று எழுதி நன்கொடை வாங்கினேன். பக்கத்தில் இருப்பவளிடம் நோட்டை ஒளிக்கும் பிள்ளைகளை உருவாக்கியிருந்தேன். நான் வைத்த பயம் கடைசியில் நிற்பவர்களைத்தான் தொடும் என்று நினைத்திருந்தேன். முதலில் நின்றவளையும் அது விடவில்லை.

அப்போது என் தாத்தாவை நினைத்துக்கொண்டேன். அரசியல் தலைவர் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் மாதம் 10 வெள்ளி கட்டிப் பங்கு சேர்த்தவர் அவர். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றுக்கொண்டிருந்த காலம். வேலையும் வீடும் ஒரே நாளில் போய்விடும் என்ற பயத்தில் இருந்த மக்கள் சேர்ந்து தோட்டம் வாங்கினார்கள். கையெழுத்துப் போடத் தெரிந்தவர், கைநாட்டு வைத்தவர் என்று அங்கே வரிசை பிரிக்கவில்லை. தாத்தா அந்தப் பங்குத்தாளைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். அந்த வீட்டில் வளர்ந்த நான் பிள்ளைகளுக்குள் இப்படி ஒரு வேலி போட்டேன்.

என்னைத் தட்டி எழுப்பிய இன்னொருத்தி முகிலனின் தங்கை. அண்ணனுக்கும் அவளுக்கும் நிறைய வயது வித்தியாசம். நான்காம் படிவத்தில் எங்கள் வகுப்புக்கு வந்தாள். சேர்க்கைப் பாரத்தில், குடும்பத்தில் யாராவது இங்கே படித்திருக்கிறார்களா என்று ஒரு கட்டம் உண்டு. "அண்ணன். பாதியில் நிறுத்தப்பட்டார்" என்று எழுதியிருந்தாள். யார் என்று கேட்டேன். பெயரைச் சொன்னாள். அன்றிரவு பழைய பதிவேடுகளை எடுத்து உட்கார்ந்தேன். சிவப்பு மையில் கோடு போட்ட பெயர்கள், சேர்ந்தவர்களில் ஏறக்குறைய பாதி. பெரும்பாலும் பையன்கள். ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் என் சுருக்கொப்பம்.

முகிலனைத் தேடிப் போனேன். லாரிப் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறான். எஞ்சினை இறக்கி ஏற்றுவதில் அந்த வட்டாரத்தில் பெயர் எடுத்திருக்கிறான். சான்றிதழ் இல்லாததால் சம்பளம் நாள்கூலியாகவே நிற்கிறது. அவன் அம்மாவும் அன்று அங்கே இருந்தார். மகனுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தார். "வாங்க சாரு, எவ்ளோ நாளாச்சு" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். இவரைத்தான் அக்கறையில்லாத தாய் என்று நான் குறித்து வைத்திருந்தேன்.

மறுதேர்வைப் பற்றி அன்று சொல்லாமல் விட்டதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். முகிலனுக்கு அது நினைவில் இல்லை. "அப்படியா சார்? நான் வந்தேனா?" என்றான். கொஞ்ச நேரம் கையில் இருந்த எண்ணெயைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தான். பிறகு வேறொன்றைச் சொன்னான். முகாமிலிருந்து திரும்பிய அன்று, அவன் கூட்டி வந்த பையன் ஒருவனை நான் தனியே அழைத்து, "அவனோட சுத்தாதே, உன் படிப்பு கெட்டுடும்" என்று சொன்னேனாம். அந்தப் பையன் போய் அவனிடம் சொல்லியிருக்கிறான். அதற்குப் பிறகும் முகிலன் பல சனிக்கிழமைகள் அந்தப் பையனை வேனில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறான். "அது மட்டும்தான் சார் கொஞ்சம் மனசுல நின்னுபோச்சு" என்றான். எனக்கு அப்படிச் சொன்ன நினைவே இல்லை. சொல்லியிருப்பேன். அந்த நாட்களில் நான் அப்படித்தான் பேசுவேன். இத்தனை ஆண்டு நான் மனத்தில் சுமந்த குற்றம் ஒன்று, அவன் சுமந்தது வேறொன்று. எனக்கு நினைவில்லாமல் யார் யாரிடம் என்னென்ன சொன்னேன் என்று அதன்பின் எனக்குத் தூக்கமில்லாத இரவுகள் உண்டு.

இப்போதாவது மலாய்மொழித் தாளை எழுதலாமே, தனித்தேர்வராக எழுத வழியிருக்கிறது, நானே பதிகிறேன் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றான். ஆனால் பட்டறையில் இரண்டு பையன்கள் இருக்கிறார்கள், சென்ற ஆண்டு தவறியவர்கள், சனிக்கிழமை அவர்களுக்கு வேலைநாள், இரவு வகுப்பு ஏதாவது வைப்பீர்களா என்று அவர்களுக்காகக் கேட்டான்.

வைத்தோம். செவ்வாய்க்கிழமை இரவு. ஓய்வுபெற்ற மலாய் ஆசிரியை ஒருவர் எங்கள் குடியிருப்புப் பகுதியில் இருக்கிறார், கேட்டதும் வந்தார். பிள்ளைகளை முதலில் பேசவிடுகிறார். பட்டறையில் நடந்ததை, காதலியோடு சண்டை போட்டதை, எதை வேண்டுமானாலும் மலாயில் சொல்லச் சொல்கிறார். சொன்னதை அப்படியே எழுதவைக்கிறார். சேர மதிப்பெண் கேட்பதில்லை. பெற்றோர் வர வேண்டியதில்லை. பகல் வகுப்பிலும் டிசம்பர் நீக்கத்தை எடுத்துவிட்டோம். செயற்குழுவில் இரண்டு பேர் விலகிக்கொண்டார்கள். 'தவறியவர் எவருமில்லை' என்ற வரி அறிக்கையில் இப்போது இல்லை. நன்கொடையாளர் குறைத்துக்கொண்டார், நிறுத்தவில்லை. முகிலன் இன்னும் பதியவில்லை. அந்த இரண்டு பையன்களையும் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, வகுப்பு முடியும்வரை வெளியே நிற்கிறான். உள்ளே வா என்று கூப்பிட எனக்கு என்ன தகுதி என்று தயங்கித் தயங்கி நிற்கிறேன். அந்தத் தயக்கமும் இன்னொரு தட்டிக்கழிப்போ என்று சந்தேகமாக இருக்கிறது.

இந்த ஆண்டு முடிவு வந்ததும் நாளிதழிலிருந்து அழைத்தார்கள். சிறந்த மாணவர்களின் பெயரும் படமும் வேண்டும் என்றார்கள். ஏ எடுத்தவர்களின் பெயரை ஒன்றுவிடாமல் எழுதிக் கொடுத்தேன். அனுப்பிவிட்டு எழுந்த பிறகுதான், செவ்வாய்க்கிழமை வகுப்பில் மலாய்மொழியில் ஈ எடுத்துச் சான்றிதழ் பெற்ற மூன்று பேர் நினைவுக்கு வந்தார்கள். திரும்ப அழைத்து, அவர்கள் பெயரையும் சேர்க்க முடியுமா என்று கேட்டேன். இடமில்லை என்றார்கள். சரி என்று வைத்துவிட்டேன். வற்புறுத்தவில்லை.